இரட்டைக் கோபுரமும் வெடிகுண்டுக் கதைகளும்

2001 செப்டம்பர் 11 தாக்குதலை அமெரிக்காவே திட்டமிட்டு நடத்தியது என்று நம்புகிறவர்கள் இன்றும் நிறைய பேர். 2005-இல் வெளிவந்த 'லூஸ் சேஞ்ச்' வீடியோவுக்குப் பிறகு இந்தக் கதை இணையம் முழுக்கப் பரவியது. சந்தேகப்படுவது நல்லதுதான், நண்பர்களே. ஆனால் பதில் கிடைத்த பிறகும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் சந்தேகமா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"விமான எரிபொருள் எரிந்தால் எஃகு உருகாதே?" உருகாதுதான். எஃகு உருக ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் கட்டடம் விழுவதற்கு எஃகு உருக வேண்டியதில்லை. 600 டிகிரியிலேயே அதன் வலிமை பாதியாகிவிடும். கொல்லன் பட்டறையில் இரும்பை உருக்கியா அரிவாள் அடிக்கிறார்கள்? பழுக்கக் காய்ச்சினாலே வளைந்து கொடுக்கிறதே!

"உள்ளே குண்டு வைத்திருந்தார்கள்." வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியது காலை 8:46-க்கு, தெற்கில் 9:03-க்கு. ஆனால் முதலில் விழுந்தது தெற்குக் கோபுரம், 56 நிமிடத்தில். வடக்கு 102 நிமிடம் தாங்கியது. காரணம், தெற்கில் விமானம் இன்னும் கீழே மோதியது. சேதமான இடத்துக்கு மேலே பாரம் அதிகம். இரண்டுமே அடிபட்ட மாடிகளில்தான் சரியத் தொடங்கின. குண்டு என்றால், விமானம் சரியாக அந்த மாடியிலேயே மோத வேண்டும், குண்டும் ஒயரும் அந்தத் தீயில் அவ்வளவு நேரம் பிழைத்திருக்க வேண்டும். நடக்கிற காரியமா?

"ஏழாம் எண் கட்டடத்தில் விமானமே மோதவில்லையே?" உண்மை. 47 மாடிக் கட்டடம், மாலை 5:20-க்கு விழுந்தது. வடக்குக் கோபுரத்தின் இடிபாடுகளால் அதில் தீப்பிடித்தது. நகரத்தின் தண்ணீர்க் குழாய்கள் உடைந்ததால் கீழ்மாடிகளில் தீயணைக்கத் தண்ணீர் இல்லை. சுமார் ஏழு மணி நேரம் எரிந்தது. சூட்டில் உத்திரங்கள் விரிந்து, ஒரு முக்கியத் தூண் பிடிமானம் இழந்து வளைந்தது என்று 2008-இல் வந்த ஆய்வறிக்கை விளக்குகிறது.

"யூதர்கள் 4000 பேர் அன்று வேலைக்கு வரவில்லை" என்பது வெறும் வதந்தி. இறந்தவர்களில் யூதர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, பின் லேடனே 2004-இல் வெளியிட்ட வீடியோவில் பொறுப்பை ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் அமெரிக்க அரசு சொல்வதெல்லாம் உண்மையா? இல்லவே இல்லை. பேரழிவு ஆயுதம் இருப்பதாகச் சொல்லி 2003-இல் ஈராக்குக்குள் நுழைந்தார்கள். ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்று மறு வருடமே அவர்கள் அனுப்பிய ஆய்வுக் குழுவே அறிக்கை தந்தது. அந்தப் பொய்யையே ஒளிக்க முடியாதவர்கள், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து செய்திருக்க வேண்டிய சதியை மட்டும் எப்படி ஒளித்திருப்பார்கள்?

பின் லேடன் அமெரிக்காவுக்குள் தாக்கப் பார்க்கிறார் என்ற உளவுக் குறிப்பு 2001 ஆகஸ்ட் 6 அன்றே அதிபர் புஷ்ஷிடம் போனது. பிறகு ஏன் தடுக்க முடியவில்லை? இறந்த 2977 பேரின் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வெடிகுண்டுக் கதை பேசப் பேச, இந்தக் கேள்வியிலிருந்து அதிகாரிகள் சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறார்கள்.