நலவாழ்வு மேம்பாட்டு முதுகலைக் கல்வி: களப்பயிற்சி முதல் இணையவழிப் பட்டம் வரை

நலவாழ்வு மேம்பாடு என்பது, நோய் வந்தபின் மருந்து தருவதோடு நில்லாமல், மக்கள் தம் உடல்நலத்தைத் தாமே பேணிப் பெருக்கிக்கொள்வதற்கு வேண்டிய அறிவையும் சூழலையும் உரிமையையும் அவர்களுக்கு ஏற்படுத்தித் தரும் துறையாகும். இத்துறையிலும் இதனை உள்ளடக்கிய பொதுச் சுகாதாரத்திலும் முதுகலைப் பட்டம் பெற விரும்பும் செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் தொண்டு நிறுவனப் பணியாளரும், வேலையை விடாமலும் ஊரைவிட்டுப் பெயராமலும் இணையத்தின் வழியே பயிலும் வாய்ப்பு இன்று திருவண்ணாமலை போன்ற மாவட்டத் தலைநகர்களையும் எட்டியிருக்கிறது. இவ்வாய்ப்பின் வேர்கள் இணையத்துக்கு வெகுகாலம் முற்பட்டவை. களத்தில் மக்களோடு இருந்தாலன்றிக் கற்க இயலாது என்று கருதிய சுகாதாரக் கல்வி மரபும், கல்லூரிக்கு வர இயலாதவரின் வீட்டுக்கே பாடத்தை அனுப்பிய அஞ்சல்வழிக் கல்வி மரபும் தனித்தனியே வளர்ந்து இப்பட்டத்தில் சந்திக்கின்றன. முன்னதன் உயிரான களப்பயிற்சி இச்சந்திப்பில் என்னவாகிறது என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

திருவண்ணாமலை போன்ற திருக்கோயில் நகரங்கள் பொதுச் சுகாதார வரலாற்றில் இடம்பெற்ற விதம் தொடக்கத்தில் பெருமைக்குரியதாக இல்லை. 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, காலரா பரவுவதற்கான வலிமையான காரணங்களுள் ஒன்றாக இந்தியாவின் யாத்திரைகளைச் சுட்டிக்காட்டியது. அடுத்த ஆண்டே ஹரித்வார் கும்பமேளாவை ஒட்டிக் காலரா பரவியபோது அக்கருத்து மேலும் இறுகியது. யாத்திரிகர் கண்காணிக்கப்பட வேண்டியவர் என்ற பார்வையே அன்றைய நிர்வாகத்தில் மேலோங்கி நின்றது. அவரோடு பேசலாம், அவருக்குக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் பின்னரே வலுப்பெற்றது. சென்னை மாகாணத்தில் 1922இல் பொதுச் சுகாதாரத் துறை தனித்துறையாக உருப்பெற்றதும், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அதே பத்தாண்டில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியை இம்மாகாணத்தில் மேற்கொண்டதும், விளக்கப் படங்களோடும் சொற்பொழிவுகளோடும் ஊர் ஊராகச் செல்லும் சுகாதாரப் பிரசாரத்துக்கு வழிவகுத்தன. இந்தியாவில் இவ்வகையில் முதலாவதான 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் ஒரு தனி அத்தியாயத்தையே ஒதுக்கி, குடிநீர், கழிப்பிடம், நோயாளரைப் பிரித்து வைத்தல் ஆகியவற்றை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. கார்த்திகை தீபத்துக்கு இன்றும் செய்யப்படும் சுகாதார ஏற்பாடுகளின் சட்ட அடிப்படை இதுவே.

சுகாதாரக் கல்வி ஒரு தொழிலாக, அதற்கெனப் பயின்றவர்கள் செய்யும் பணியாக மாறியது விடுதலைக்குப் பின்னர்தான். 1932இல் கல்கத்தாவில் அகில இந்தியச் சுகாதார மற்றும் பொதுநலக் கழகம் தொடங்கப்பட்டிருந்தபோதிலும், 1946இல் வெளிவந்த போர் (Bhore) குழுவின் அறிக்கைக்குப் பிறகே நோய்த்தடுப்பும் சிகிச்சையும் ஒரே அமைப்பில் இணைய வேண்டும் என்ற கொள்கை வேரூன்றியது. 1956இல் மத்திய சுகாதாரக் கல்விப் பணியகம் டெல்லியில் அமைந்தது. தமிழகத்தைப் பொறுத்தவரை இவ்வரலாற்றின் மையம் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமம். மருத்துவர் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமத்தில், ஆத்தூர் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு 1959இல் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டு, அதன் அனுபவத்திலிருந்து 1964இல் ஊரகச் சுகாதாரக் கழகம் பிறந்தது. அங்கு வளர்ந்த சுகாதாரக் கல்விப் பட்டயப் படிப்பு, பின்னாளில் நலவாழ்வு மேம்பாடு மற்றும் கல்விக்கான முதுநிலைப் பட்டயம் எனப் பெயர் பெற்றது. ஓர் ஊரில் யார் சொல்லுக்கு மதிப்புண்டு, பெண்கள் எந்நேரத்தில் கூடுவர், ஒரு பழக்கத்தின் பின்னே எந்த நம்பிக்கையும் எந்தப் பொருளாதார நெருக்கடியும் நிற்கின்றன என்பவற்றை ஆசிரியரின் மேற்பார்வையில் ஊரிலேயே கண்டறிந்து, அதற்கேற்பத் திட்டம் தீட்டி, செயல்படுத்தி, பலனை அளந்து பார்ப்பதே இவ்வகைப் பயிற்சியின் முறை. பிற்கால முதுகலைப் படிப்புகள் பலவற்றில் ஏட்டளவில் சுருங்கிய இம்முறை, தமிழகம் இத்துறைக்கு அளித்த மிகப்பெரிய கொடை எனக் கருதத்தக்கது.

குடும்ப நலத்திட்டம் 1963இல் விரிவாக்கக் கல்வி முறைக்கு மாறியபோது, வட்டாரம்தோறும் விரிவாக்கக் கல்வியாளர் என்ற பணியிடம் பரவியது. தொழுநோய் மிகுந்திருந்த வடாற்காடு மாவட்டத்தில் இக்கல்விக்கு வேறொரு முகமும் இருந்தது. 1955இல் தொடங்கிய தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கணக்கெடுப்பு, கல்வி, சிகிச்சை என்ற மூன்றையும் சமமாக வைத்தது. நோயைக் கண்டறிவதைப் போலவே, நோயாளியை வீட்டைவிட்டு விலக்காதிருக்கும்படி ஊராரிடம் பேசுவதும் பணியாளரின் கடமையானது. 1989 செப்டம்பரில் தனி மாவட்டமாகும் வரை திருவண்ணாமலை அந்த வடாற்காட்டின் பகுதியாகவே இருந்தது.

இவையெல்லாம் மக்களுக்கு எடுத்துரைக்கும் பணிகள். எடுத்துரைத்தால் மட்டும் போதுமா என்ற கேள்வியை 1974இல் கனடாவின் லலோண்ட் அறிக்கையும், 1978இல் அல்மா ஆட்டா பிரகடனமும் கூர்மையாக்கின. 1986 நவம்பரில் ஒட்டாவாவில் ஏற்கப்பட்ட சாசனம் நலவாழ்வு மேம்பாட்டுக்கு இன்று வழங்கும் இலக்கணத்தை வகுத்தது: நலத்துக்கு உகந்த பொதுக்கொள்கை, துணைநிற்கும் சூழல், சமூகத்தின் கூட்டுச் செயல், தனிமனிதத் திறன், மருத்துவச் சேவைகளின் திசைமாற்றம் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே அது. புகைப்பது தீது எனச் சொல்வது சுகாதாரக் கல்வி. பள்ளிக்கூட வாயிலருகே புகையிலை விற்காதபடி சட்டமும் ஊர்க்கட்டுப்பாடும் உருவாகச் செய்வது நலவாழ்வு மேம்பாடு. பாடப்பரப்பு இவ்வாறு விரிந்ததும் பட்டயம் போதாமல் முதுகலை தேவைப்பட்டது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1997இல் பொதுச் சுகாதார முதுகலையையும், சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001இல் பயன்பாட்டுத் தொற்றுநோயியல் முதுகலையையும் தொடங்கின. இலங்கையில் மிகிந்தலையிலுள்ள ரஜரட்டைப் பல்கலைக்கழகம் நலவாழ்வு மேம்பாட்டையே தனித்துறையாக்கி இளநிலைப் பட்டம் வழங்கிவருகிறது. இந்தியாவிலோ அது பெரும்பாலும் பொதுச் சுகாதார முதுகலைக்குள் ஒரு தாளாகவோ சிறப்புப் பிரிவாகவோ அடங்குகிறது.

இரண்டாவது மரபு, கல்வியுரிமையை விரிவாக்கும் நோக்கில் எழுந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வியை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகமும், 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1981இல் சென்னைப் பல்கலைக்கழகமும் பின்பற்றின. 1985இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பள்ளி ஆசிரியரும் எழுத்தரும் குடும்பப் பெண்களும் தபாலில் வந்த பாடநூல்களையும் விடுமுறை நாள் நேர்முக வகுப்புகளையும் நம்பிப் பட்டம் பெற்ற அக்காலம், கலைப்பாடங்களுக்கு நன்கு பொருந்தியது. செய்முறை சார்ந்த பாடங்களில் அது தடுமாறியது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்களை 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்த தீர்ப்பு அத்தடுமாற்றத்தின் உச்சம். அதே ஆண்டு ஜூலையில் இணையவழிப் பாடங்களுக்கான ஸ்வயம் தளம் தொடங்கப்பட்டிருந்தது. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு இணையவழிப் பட்டங்களுக்கு முதன்முறையாக விதிமுறை வகுத்து, 2020இல் தொலைநிலை, இணையவழி இரண்டையும் ஒரே விதிமுறைக்குள் கொண்டுவந்தது. உலக அளவில் லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி 1998 முதலே தொலைநிலையில் முதுகலைப் படிப்புகளை நடத்திவருவதால், பொதுச் சுகாதாரம் இம்முறைக்கு அந்நியமானதன்று.

இவ்விரு மரபுகளையும் இணைக்க இயலும் என்பதற்குத் திருவண்ணாமலையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரிலேயே சான்று உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1977இல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் ஊரகச் சுகாதாரத்துக்கும் சமூக மேம்பாட்டுக்குமான தன் மையத்தை நிறுவியது. 2006 முதல் பணியிலுள்ள மருத்துவர்களுக்குக் குடும்ப மருத்துவப் பட்டயத்தைத் தொலைநிலையில் வழங்கியது. பாடத் தொகுதிகள், காணொலிகள், நேர்முகப் பயிற்சி ஆகிய மூன்றும் கலந்த அப்படிப்பில், மருத்துவர் தம் மருத்துவமனையிலேயே இருந்து, தாம் அன்றாடம் காணும் நோயாளிகளைக் கொண்டே கற்றார். கற்பவரின் பணியிடத்தையே பயிற்சிக்களமாக்கும் இவ்வுத்தி நலவாழ்வு மேம்பாட்டுக்கும் பொருந்தும்.

திருவண்ணாமலையில் அத்தகைய களத்துக்குக் குறைவில்லை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூடும் மக்களுக்குக் குடிநீர் வழங்கும் குழாய்களில் குளோரின் அளவைச் சோதிப்பது சுகாதார ஆய்வாளரின் வழக்கமான பணி. குளோரோஸ்கோப் எனும் சிறு பெட்டியின் கண்ணாடிக் குழாயில் நீரைப் பிடித்து, ஆர்த்தோடொலிடின் கரைசலில் சில சொட்டு விட்டதும் நீர் வெளிர்மஞ்சளாக மாறினால் குளோரின் எஞ்சியிருக்கிறது. நிறம் மாறாவிடில் தொட்டியைக் கவனிக்க வேண்டும். ஆய்வாளர் இச்சோதனையோடு நின்றால் அது சுகாதாரப் பணி. அதே ஆய்வாளர் முதுகலை மாணவராகவும் இருந்து, குழாய்நீர் இருக்கையில் புட்டிநீரை மக்கள் நாடுவது ஏன், அன்னதானம் செய்வோர் கைகழுவ வசதியின்றி உணவு பரிமாறுவது ஏன், காலணியின்றி நடக்கும் நீரிழிவு நோயாளிக்கு யார் எச்சரிக்கை சொல்வது எனக் கேட்டு, கோயில் நிர்வாகம், நகராட்சி, அன்னதானக் குழுக்கள், வணிகர் ஆகியோரை ஒரே மேசையில் அமர்த்தினால், ஒட்டாவா சாசனத்தின் ஐந்து கூறுகளும் அவர் கைக்குள் வருகின்றன. ஜவ்வாது மலையில் பேறுகாலத்துக்கு முன்னரே தாயைச் சமவெளி மருத்துவமனைக்கு வரச்செய்வதில் கிராம சுகாதாரச் செவிலியர் சந்திக்கும் சிக்கலும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் மாத்திரையை இரத்தக்கொதிப்பு நோயாளி இடைவிடாது உண்ணச்செய்வதும், 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையோடு தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தைப் பெண்களும் முதியோரும் பயன்படுத்தும்படி செய்வதும் ஆய்வேட்டுக்கு உரிய பொருள்களே. பெருநகரக் கல்லூரியில் தங்கிப் பயில்பவர் இக்களத்தை அடைய மாதக்கணக்கில் முயல வேண்டும். இணையவழி மாணவர் அதற்குள்ளேயே வாழ்கிறார்.

எனினும் களம் அருகில் இருப்பதும் களப்பயிற்சி நடப்பதும் ஒன்றாகா. காந்திகிராம மரபின் வலிமை, மாணவர் ஊருக்குள் சென்றதில் பாதி; அவர் செய்ததை அனுபவமுள்ள ஒருவர் உடனிருந்து பார்த்துத் திருத்தியதில் மறுபாதி. காணொலிப் பாடம், மின்பாடநூல், கலந்துரையாடல், தன்மதிப்பீடு என்ற நான்கு கூறுகளை வற்புறுத்தும் இன்றைய விதிமுறைச் சட்டகம் பாடத்தைக் கொண்டுசேர்ப்பதில் தேர்ந்தது. ஊர்க்கூட்டத்தில் மாணவர் பேசியவிதத்தைத் திருத்தும் ஏற்பாடு அதில் இயல்பாக அமைவதில்லை. 2013இல் தொடங்கிய திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையோ, வட்டார மருத்துவ அலுவலரோ உள்ளூர் மேற்பார்வையாளராக முறையாக நியமிக்கப்பட்டு, அவரது மதிப்பீட்டுக்கு மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டால் இக்குறை பெரிதும் நீங்கும்.

அண்மையில் சட்டமும் இவ்வினாவில் தலையிட்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டுத் தேசிய துணைமருத்துவ மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் சமூக நலவாழ்வு ஊக்குநரும் சுகாதாரக் கல்வியாளரும் இடம்பெற்றுள்ளனர். அச்சட்டத்துக்குட்பட்ட படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்டு பருவம் முதல் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. உளவியலும் உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியலும் அதில் பெயர் சுட்டப்பட்டன. ஆகவே இணையவழியில் சேர விரும்பும் திருவண்ணாமலைச் செவிலியர், பட்டத்தின் பெயர், அது பொதுச் சுகாதாரமாக வகைப்படுத்தப்பட்டுள்ளதா அல்லது மேற்கண்ட தொழிற்பட்டியலுக்குள் வருகிறதா, சேரும் பருவத்துக்கு அந்நிறுவனம் மானியக் குழுவின் அனுமதிப் பட்டியலில் உள்ளதா என்பவற்றைக் கட்டணம் செலுத்துமுன் சரிபார்க்க வேண்டியுள்ளது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பட்டமாயின், அரசுப் பணி உயர்வுக்குரிய சமநிலைச் சான்று எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் கருத வேண்டும். தரம் காக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் முழுநேரக் கல்லூரிக்கு இரண்டாண்டு செல்ல இயலாத களப்பணியாளருள் பெரும்பகுதியினர் பெண்களாதலால், தடையைவிட, மேற்பார்வையுடன் கூடிய உள்ளூர்க் களப்பயிற்சியைக் கட்டாயமாக்குவதே இத்துறையின் வரலாற்றுக்கு இசைந்த வழி.