ரகசியம், துரோகம், அதிகாரம்: திண்டுக்கல் சீமையிலிருந்து சில குறிப்புகள்

திண்டுக்கல் பக்கத்தில் ஒருவனைக் கேவலப்படுத்த 'எட்டப்பன்' என்ற ஒரு சொல் போதும். சங்கக் கூட்டத்தில் பேசியதை முதலாளியிடம் போய் ஓதியவனும் எட்டப்பன். ரேஷன் கடை மூட்டைகள் ராத்திரியில் எங்கே போகின்றன என்று கலெக்டருக்கு எழுதிப்போட்டவனும் எட்டப்பன். 'காட்டிக் குடுத்துப்புட்டான்யா' என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பேரையும் அடைத்துவிடுகிறோம். அரசாங்கக் கோப்புகளை வெளியே கொண்டுவருகிறவன் தியாகியா துரோகியா என்ற விவாதம் எழும்போதெல்லாம் இந்த மொழிப்பழக்கம்தான் நம்மை வழிநடத்துகிறது என்று நினைக்கிறேன். யாருடைய ரகசியம், யார் கைக்குப் போனது என்ற கேள்வி அதில் காணாமல் போய்விடுகிறது.

ஆனால் அந்தக் கேள்வியை இந்தச் சீமையின் வரலாறு எப்போதோ கேட்டுவிட்டது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்புவிடமிருந்து திண்டுக்கல் கம்பெனியின் கைக்குப் போனது. விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் சுற்றுவட்டாரப் பாளையங்களை ஒன்றுசேர்த்து, 1800இல் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்டார். அந்த ஜூன் மாதத் தாக்குதல் குறி தவறியது. பிடிபட்டவர்களில் 42 பேர் கொல்லப்பட்டார்கள். 1801இல் கோபால நாயக்கரும் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். பீரங்கி இல்லாதவர்களுக்கு ரகசியம் ஒரு ஆயுதம். அது போனால் உயிர் போச்சு.

இதே கூட்டணியின் இன்னொரு செயலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1801 ஜூனில் மருதிருவரின் பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டது. எப்போது, எங்கே தாக்குவது என்பதை மறைத்தவர்கள், எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பதைச் சுவரில் ஒட்டினார்கள். அரசு ரகசியம் இதற்கு நேர் தலைகீழாக இயங்குவதைத்தான் நாம் பெரும்பாலும் பார்க்கிறோம்: படை அணிவகுப்பு தொலைக்காட்சியில் ஓடும், ஒப்பந்தத்தில் யாருக்கு எவ்வளவு போனது என்பது பூட்டிய பீரோவுக்குள் இருக்கும்.

கம்பெனியின் கணக்குப்புத்தகத்தில் 'துரோகி' என்ற பத்தி வேறு மாதிரி நிரப்பப்பட்டது. நாம் வசைச்சொல்லாக்கிக்கொண்ட எட்டயபுரம் அங்கே விசுவாசத்தின் பெயர். பாஞ்சாலங்குறிச்சியின் ஊர்கள் அதற்குப் பரிசாகப் போயின. 1806இல் வேலூர்க் கோட்டையில் கலகம் வரப்போகிறது என்று முஸ்தபா பேக் என்ற சிப்பாய் முன்கூட்டியே தன் வெள்ளை அதிகாரியிடம் சொன்னான். விசாரித்த இந்திய அதிகாரிகள், அவர்களே சதியில் இருந்தவர்கள், அவனைப் பைத்தியம் என்றார்கள், சிறையில் போட்டார்கள். ஜூலை 10ஆம் தேதி கலகம் வெடித்து அடக்கப்பட்ட பிறகு அதே பைத்தியத்துக்கு 2000 வராகனும் சுபேதார் ஓய்வூதியமும் கிடைத்தன. ஒரே வாய், ஒரே செய்தி. பைத்தியமா, துரோகியா, விசுவாசியா என்பதை எந்தப் பக்கம் ஜெயித்தது என்பதுதான் தீர்மானித்தது.

இந்தக் கணக்கைச் சட்டமாக எழுதிவைத்தது பின்னால்தான். 1889 அக்டோபரில் கல்கத்தாவின் அமிர்த பஜார் பத்திரிகா, காஷ்மீர் தொடர்பான வெளியுறவுத்துறை ரகசியக் குறிப்பு ஒன்றை அச்சிட்டது. அதே மாதத்தில் முதல் அரசு ரகசியச் சட்டம் நிறைவேறியது. 1904இல் கர்சன் அதை இறுக்கினார். 1923இல் இன்றைய வடிவம் வந்தது. வெள்ளைக்காரன் போனான், சட்டம் அப்படியே இருந்துகொண்டது. அதன் 5ஆவது பிரிவு, அனுமதியில்லாமல் கொடுத்தாயா என்று கேட்கும். கொடுத்ததில் யாருக்கு நன்மை, யாருக்குத் தீங்கு என்று கேட்காது. ரகசியம் என்றால் என்ன என்று அந்தச் சட்டத்தில் வரையறையே கிடையாது.

வரையறை இல்லாத குற்றத்தை யார் தலையிலும் ஏற்றலாம். நாகர்கோவிலில் பிறந்த ராக்கெட் விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994இல் ரகசியத்தை விற்றதாகக் கைது செய்யப்பட்டார். வழக்கில் சாரமில்லை என்று 1996இல் சி.பி.ஐ. சொன்னது, உச்சநீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது 2018இல். இடையில் போன 24 வருஷத்தை யார் கொடுப்பது?

நமக்குப் பக்கத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. மேலூர்ப் பக்கம் கிரானைட் மலைகள் அறுக்கப்பட்டதைப் பற்றி 2012 மே மாதத்தில் மதுரை கலெக்டர் உ.சகாயம் அரசுக்கு ஒரு கடிதம் எழுதினார். இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்பது அவர் போட்ட கணக்கு. சில நாட்களில் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றல். முறைப்படி மேலிடத்துக்குப் போன அந்தக் கடிதம் அங்கேயே புழுதி படிந்து கிடந்திருக்கும். ஆனால் அது பத்திரிகைகளுக்குக் கசிந்தது. அதன் பிறகுதான் ஆகஸ்டில் குவாரிகளில் சோதனை, வழக்கு, கைது எல்லாம். 2014இல் உயர்நீதிமன்றம் சகாயத்தையே விசாரணைக்கு நியமித்தது. கண்மாயும் வாய்க்காலும் பாறையும் தங்களுடையவை என்று நம்பியிருந்த ஊர்க்காரர்களுக்கு, தங்கள் மலை எவ்வளவுக்குப் போனது என்பதே அப்போதுதான் தெரிந்தது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளின்படி (1973) அதை வெளியே கொடுத்த கை தண்டனைக்குரியது. சகாயம் எழுதியது கடமை, கசியவிட்டது குற்றம். ஆனால் கடமை மட்டும் இருந்திருந்தால் மலை போயிருக்கும்.

அந்தக் கையை வீரன் என்று கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. நம்முடைய வீரவழிபாட்டுக்கு ஒரு முகம் வேண்டும், மீசை வேண்டும், மணிமண்டபம் வேண்டும். கோப்பை வெளியே கொண்டுவருகிறவனுக்கோ முகம் தெரிந்தால் தொலைந்தது. அவன் யோக்கியனாகத்தான் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மேலதிகாரி மீதிருந்த கோபத்தில் செய்திருந்தாலும் வெளிவந்த கணக்கு கணக்குதான். 2019இல் ரஃபேல் ஆவணங்கள் 'தி இந்து'வில் வந்தபோது, அவை திருடப்பட்டவை, பார்க்கவே கூடாது என்று அரசு வாதிட்டது. ஏப்ரல் 10ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டது. வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ஆவணங்களை அச்சிட 1971இல் அமெரிக்க நீதிமன்றம் அனுமதித்ததை அங்கே எடுத்துக்காட்டினார்கள். யார் எடுத்தான் என்பதைவிட என்ன இருக்கிறது என்பதே அங்கே முதலில் நின்றது.

அப்போ எல்லாத்தையும் திறந்துவிட்டுறலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கூடாது. கோபால நாயக்கரின் ரகசியம் காக்கப்பட்டிருக்க வேண்டிய ரகசியம். ஆதரவற்றவனின் கடைசி மறைவிடத்தை அதிகாரத்திடம் திறந்துகாட்டுவது துரோகம்தான். அதிகாரம் தன் களவை ஒளித்துவைத்த அறையை, பறிகொடுத்தவனிடம் திறந்துகாட்டுவதற்கு அதே பெயரைச் சூட்ட முடியாது.

2002இல் சத்யேந்திர துபே என்ற பொறியாளர் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் ஊழல்களைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். பெயரோடு சேர்ந்தே அந்தக் கடிதம் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அதிகாலையில் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கசிவைத் தேசத்துரோகம் என்று அரசு சொல்லவில்லை. ஊழலை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014இல் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்புதான் இன்னும் வரவில்லை.