முன்னாள் துணையைப் பற்றிய சுயசரிதை: சட்டமும் சொந்த வாழ்வும்

முறிந்துபோன மணவாழ்வையோ காதலையோ சுயசரிதையில் எழுதி வெளியிடுபவர் மீது அவதூறு, அந்தரங்க மீறல், ஒப்பந்த மீறல், பதிப்புரிமை மீறல் என நான்கு வகையில் வழக்கு வரக்கூடும். ‘நடந்ததைத்தானே எழுதினேன்’ என்ற பதில் இவற்றில் முதல் வழக்குக்குத்தான் கைகொடுக்கும். அங்கும் எப்போதும் முழுமையாகக் கைகொடுப்பதில்லை.

இந்தியாவில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, இந்தி நடிகர் நவாசுதீன் சித்திக்கியின் ‘ஆன் ஆர்டினரி லைஃப்’. 2017 அக்டோபரில் பெங்குயின் வெளியிட்ட அந்த நூலில் தன் பழைய உறவுகளைப் பெயர் சொல்லியே எழுதியிருந்தார். ‘மிஸ் லவ்லி’ படத்தில் உடன் நடித்த நிஹாரிகா சிங், தன் அனுமதியைக் கேட்கவே இல்லை என்றார். சில மாதங்களே நீடித்த உறவு நூலில் வேறு விதமாகச் சித்திரிக்கப்பட்டிருப்பதாகவும் சொன்னார். தேசிய மகளிர் ஆணையத்துக்குப் புகார் போனது. நூலில் பெயர் வந்த இன்னொரு நடிகை இரண்டு கோடி ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அந்த அக்டோபர் இறுதியிலேயே நவாசுதீன் மன்னிப்புக் கேட்டு, நூலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அவதூறு

இந்தியாவில் அவதூறு ஒரே நேரத்தில் உரிமையியல் வழக்காகவும் குற்ற வழக்காகவும் வரலாம். இழப்பீடு கேட்கும் உரிமையியல் வழக்கில், எழுதியது உண்மை என்று நிறுவினால் எழுத்தாளர் தப்பிவிடுவார். குற்ற வழக்கில் அது போதாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகளுக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, உண்மையாக இருப்பதோடு பொது நன்மைக்காகவும் வெளியிடப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை. படுக்கையறைச் சண்டையில் பொது நன்மை என்ன இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். குடும்ப வன்முறை பற்றிய விவரிப்புக்கு அதில் பதில் உண்டு. வெறும் பழிவாங்கலுக்கு இல்லை.

பெயரைச் சொல்லாமல் விடுவதும் காப்பாற்றாது. அமெரிக்க நடிகை ஆம்பர் ஹெர்ட் 2018இல் வாஷிங்டன் போஸ்டில் எழுதிய கட்டுரையில் முன்னாள் கணவர் ஜானி டெப்பின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. யாரைச் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2022 ஜூனில் வர்ஜீனியா ஜூரி டெப்புக்கு ஒன்றரைக் கோடி டாலரும், எதிர்வழக்கில் ஹெர்டுக்கு 20 லட்சம் டாலரும் வழங்கச் சொன்னது. மேல்முறையீட்டுக் கட்டத்தில் ஹெர்ட் தரப்பு 10 லட்சம் டாலர் தருவதாக இருவரும் சமரசம் செய்துகொண்டனர்.

அந்தரங்கம்

அந்தரங்க வழக்கில் உண்மை காப்பாகாது. வெளியானது உண்மை என்பதே பெரும்பாலும் வழக்குக்குக் காரணம். இந்தியாவில் இதற்கு அடிப்படையான தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து பிறந்தது. சிறையிலிருந்த கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட நக்கீரன் இதழ் முனைந்தபோது அதிகாரிகள் தடுத்தனர். 1994இல் உச்ச நீதிமன்றம் அந்த முன்தடையை ஏற்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பில், ஒருவரின் திருமணம், குடும்பம், தாய்மை போன்றவற்றை அவர் இசைவின்றி வெளியிடக் கூடாது, எழுதியது உண்மையா பொய்யா என்பது பொருட்டல்ல என்றும் வரையறுத்தது. நீதிமன்ற ஆவணம் முதலிய பொதுப் பதிவுகளில் உள்ளவற்றுக்கு விலக்கு அளித்தது. 2017இல் புட்டசாமி வழக்கு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தது.

அந்த விலக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, அச்சட்டத்தின் கீழ் மூடிய அறையில் நடக்கும் விசாரணையின் விவரங்களை அச்சிடுவது குற்றம். நீதிமன்றத்தின் முன்அனுமதியோடு வெளியாகும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டுமே விலக்கு. மீறினால் அபராதம் 1,000 ரூபாய் வரை.

இங்கிலாந்தில் ஆர்கைல் பிரபு, 1963இல் விவாகரத்தான பின் மனைவியைப் பற்றிய தொடரை ஒரு ஞாயிறு இதழில் எழுதத் தொடங்கினார். தாம்பத்தியத்தில் பகிர்ந்த ரகசியங்கள் விவாகரத்தோடு பொதுச் சொத்தாகிவிடுவதில்லை என்று கூறி நீதிமன்றம் தடை விதித்தது.

புனைவு என்று முத்திரை குத்தினால் தப்பலாம் என்ற எண்ணமும் பலிப்பதில்லை. ஜெர்மன் எழுத்தாளர் மாக்சிம் பில்லரின் ‘எஸ்ரா’ நாவல் 2003இல் வெளிவந்தது. முன்னாள் காதலியை எவரும் அடையாளம் காணும்படி இருந்ததால், அதற்கு விதிக்கப்பட்ட தடையை 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் உறுதிசெய்தது. நேர் எதிரான முடிவும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் சூசன்னா கெய்சன் தன் நோயைப் பற்றிய நூலில் முன்னாள் காதலரைப் பெயரின்றி எழுதினார். அந்தக் காதலர் தொடுத்த வழக்கை 2004இல் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கெய்சன் சொன்னது தன் சொந்த அனுபவத்தை. அதற்குத் தேவைப்பட்ட அளவுக்கே காதலர் அதில் இடம்பெற்றார் என்பது தீர்ப்பின் சாரம்.

ஒப்பந்தமும் கடிதங்களும்

விவாகரத்து உடன்பாட்டிலேயே வாய்ப்பூட்டு இருக்கலாம். பிரெஞ்சு எழுத்தாளர் எமானுவேல் காரேர், முன்னாள் மனைவியின் இசைவின்றி அவரைப் பற்றி எழுதுவதில்லை என்று கையெழுத்திட்டிருந்தார். 2020இல் வந்த ‘யோகா’ நூலில் அவரைக் குறித்த பகுதிகள் நீக்கப்பட்டன. அப்படியும் அந்த முன்னாள் மனைவி பொதுவெளியில் கண்டித்து எழுதினார்.

பழைய காதல் கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதில் உள்ள வாசகம் எழுதியவருக்குச் சொந்தம். இந்தியச் சட்டப்படி அந்தப் பதிப்புரிமை, எழுதியவர் மறைந்த பின்னும் பல ஆண்டுகள் நீடிக்கும். வாட்ஸ்அப் செய்திகளை அப்படியே நூலில் அச்சிட நினைப்பவரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பிள்ளைகளும் சுற்றமும்

பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ், சிறுவயதில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை ‘இன்ஸ்ட்ருமென்டல்’ நூலில் எழுதினார். அதைப் படித்தால் தங்கள் மகனின் மனநலம் கெடும் என்று முன்னாள் மனைவி வழக்குத் தொடுத்தார். பெற்றோரின் கடந்த காலத்தால் மகன் பாதிக்கப்படாமல் காப்பதாக விவாகரத்து ஏற்பாட்டில் ஒரு வாசகமும் இருந்தது. 2014 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது. 2015 மே மாதம் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. வென்றது ரோட்ஸ்தான். ஆனால் அவருடைய காயம் நூலாகும் முன்பே வழக்குக் கட்டாக மாறியிருந்தது.

நீதிமன்றம் எட்டாத இழப்புகளும் இருக்கின்றன. பாகிஸ்தானின் தெஹ்மினா துரானி, முன்னாள் கணவரும் பஞ்சாப் முன்னாள் ஆளுநருமான முஸ்தபா கர் தன்னை வதைத்ததை 1991இல் ‘மை ஃப்யூடல் லார்ட்’ நூலில் எழுதியபின், பெற்றோரே அவரைப் பல ஆண்டுகள் ஒதுக்கிவைத்தனர். நார்வேயின் கார்ல் ஊவே க்னவுஸ்கோர், முதல் மனைவி உட்பட உறவினர்களைத் தன் ஆறு தொகுதி சுயசரிதை நாவலில் விரித்தெழுதினார். அந்த மனைவி 2010இல் தன் தரப்பை வானொலி ஆவண நிகழ்ச்சியாக்கினார்.

பதிப்பகங்களின் முன்னெச்சரிக்கை

பெரிய பதிப்பகங்கள் இத்தகைய கைப்பிரதியை அச்சுக்கு முன் வக்கீலிடம் காட்டுகின்றன. பெயர், ஊர், தொழிலை மாற்றுவதும், சம்பந்தப்பட்டவரிடம் எழுத்துபூர்வ இசைவு வாங்குவதும், நாட்குறிப்பு, மருத்துவச் சான்று போன்ற ஆதாரங்களைக் கோப்பில் வைப்பதும் வழக்கம். பதிப்பு ஒப்பந்தங்களில் பொதுவாக ஈட்டுறுதிப் பிரிவு ஒன்றும் இருக்கும். வழக்கில் தோற்றால் பதிப்பகத்துக்கு ஏற்படும் செலவையும் இழப்பீட்டையும் எழுத்தாளரே ஏற்க வேண்டும் என்கிறது அது.