பிழையாகக் கழிக்கப்பட்ட பசுமை: பெர்த்தாம் வடிநிலத் தேயிலையும் தழைச்சத்தின் அளவும்

பிரிஞ்சாங் மலைச் சரிவுகளில் பிறந்து, தானா ராத்தா வழியாக இறங்கி, ரிங்லெட் அருகே 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையில் தேங்கி, அணைக்குக் கீழே லெம்பா பெர்த்தாம் எனப்படும் பள்ளத்தாக்கில் நுழையும் பெர்த்தாம் ஆற்றின் வடிநிலம், மலாயாவின் மலைத் தேயிலை வேரூன்றிய முதல் நிலங்களுள் ஒன்றாகும். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல், இன்று கேமரன் மலை என அவர் பெயரைத் தாங்கும் இம்மேட்டுநிலத்தைக் கண்டு எழுதியது நாற்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1925இல் பிரிட்டிஷ் நிர்வாகி ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்துச் சென்ற பிறகே தாப்பாவிலிருந்து சாலையும், தானா ராத்தாவில் வேளாண்துறையின் சோதனைப் பண்ணையும் உருப்பெற்றன. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற வணிகர், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ.பி. மில்னைத் துணைக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். பாரத் தோட்டம் 1933இல் வந்தது. மில்னோடு மலையேறியது தேயிலை விதை மட்டுமன்று. கவ்வாத்துச் சுழற்சி, கொழுந்துக் கணக்கு, உரக் கணக்கு என இலங்கைத் தோட்டங்களில் அரை நூற்றாண்டாகப் பழகியிருந்த நடைமுறை முழுவதும் அவ்வழியே வந்து சேர, அதைக் கையால் செய்துமுடிக்கும் பொறுப்பு தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மேல் விழுந்தது.

அந்த நடைமுறையில் தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, இருந்த இடம் பெரிது. நெல்லிலும் கோதுமையிலும் இலை வேலையை முடித்துவிட்டு மணிக்கு வழிவிடுகிறது. தேயிலையிலோ இலையே அறுவடை. பறித்து உலர்த்திய கொழுந்தில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு தழைச்சத்து இருப்பதால், ஹெக்டேருக்கு 3000 கிலோ தேயிலை தரும் நிலத்திலிருந்து ஆண்டுதோறும் 120 கிலோ தழைச்சத்து ஆலைக்குப் போய்விடுகிறது. அதை ஈடுசெய்யாவிட்டால் இலை வெளிறும், துளிர் நின்று, வளர்ச்சி உறங்கிய வங்கிக் கொழுந்து மிகும், விளைச்சல் சரியும். 2021இல் இலங்கை அரசு வேதியுர இறக்குமதியைச் சில மாதங்கள் தடைசெய்ததற்கு அடுத்த ஆண்டு, அந்நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறக்குறைய 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடியளவுக்கு இறங்கியதில் உரத்தட்டுப்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. மறுபுறம், ஆண்டுக்கு 2700 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் கேமரன் மலையில், செடி எடுத்துக்கொள்ளாத உரம் மண்ணில் தங்குவதில்லை. மண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்ற, நைட்ரேட் மழைநீரோடு கரைந்து ஓடைக்கு வந்துவிடும். ஆகவே குறைத்தாலும் கேடு, கூட்டினாலும் கேடு என்ற இந்த உரத்தை எங்கே எவ்வளவு இடுவது என்பதே தேயிலை வேளாண்மையின் பழம்பெரும் கேள்வியாக இருந்துவந்துள்ளது.

இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அதற்குக் கிடைத்த விடை, விளைச்சல் ஏட்டிலிருந்து வந்தது. ஒரு மலையில், அதாவது எண்ணிட்டுப் பிரித்த ஒரு தோட்டப் பகுதியில், முந்தைய ஆண்டுகளில் கிடைத்த ஒவ்வொரு 100 கிலோ தேயிலைக்கும் 8 முதல் 12 கிலோ வரை தழைச்சத்து என்பது பரவலாகக் கைக்கொள்ளப்பட்ட விகிதம். எளிமையும் கண்டிப்பும் கொண்ட இந்த விகிதத்தை ஆப்பீசில் எழுத்தரான கிராணி கணக்கிட, தோட்ட மேலாளரான துரை ஒப்புதல் தர, சாக்குகளாகப் பிரிந்து மலைக்குச் சென்ற உரம், அங்கே ஒவ்வொரு செடிக்கும் ஒரே அளவாக இடப்பட்டது. தொழிலாளர் வாளியிலிருந்து தகரக் குவளையால் அள்ளி, தண்டில் படாமல் தூரைச் சுற்றித் தூவிக்கொண்டு நிரையாக நகர்வர். குவளை நிறைகிறதா, நிரை விடுபடுகிறதா என்று கங்காணி பின்னால் பார்த்துவருவார். மேல்மண் அரித்துப்போன முகட்டில் செடி மஞ்சளித்திருப்பதும், அந்த மண் வந்து படிந்த ஓடையோரத்தில் கரும்பச்சையாய்த் தழைத்திருப்பதும் அந்த நிரையில் நடந்த எவர் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். ஆயினும் குவளையின் அளவை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஏட்டில் மலைக்கு ஒரே எண்தான் உண்டு.

அந்த வேறுபாட்டை அறிவியல் அறியாமலில்லை என்பதே இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஃபிஷரோடு சேர்ந்து கள ஆய்வு முறைகளை வகுத்த தாமஸ் ஈடன், பிறகு இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, தேயிலைக் களச் சோதனைகளில் நேரும் பிழையளவு பற்றிய ஆய்வை 1931இல் வெளியிட்டார். ஒரே மாதிரி வளர்த்து, ஒரே மாதிரி பறித்த சிறு பாத்திகள்கூட ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி விளைகின்றன என்று அளந்து காட்டிய ஆய்வு அது. ஒரு பாத்தி முன்பு எவ்வளவு விளைந்தது என்பதைக் கொண்டு பின்னைய விளைச்சலைத் திருத்திப் பார்க்கும் முறைக்கு, ஃபிஷர் தம் புள்ளியியல் நூலில் எடுத்துக்காட்டாகத் தந்ததும் ஈடனின் இலங்கைத் தேயிலைப் பாத்திகளைத்தான். ஆனால் அவர்கள் தேடியது எந்த உரம் சிறந்தது என்ற பொது விடையை. நிலத்தின் ஏற்றத்தாழ்வு அந்த விடையை மறைக்கும் இடையூறு என்பதால் அதைப் பிழை என்ற தலைப்பில் திரட்டிக் கழித்தார்கள். அவர்கள் நோக்கத்துக்கு அது சரியே. எனினும் சோதனையில் கழித்ததைத் தோட்டமும் சேர்த்துக் கழித்துக்கொண்டது. பொது விடை மலைக்கு மலை இறங்கியதே தவிர, முகட்டுக்கும் ஓடைக்கும் இடையிலான வேறுபாடு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

கழிக்கப்பட்ட அந்த வேறுபாட்டைத் தகவலாக எடுத்துக்கொண்ட முயற்சிகள் வேறு பயிர்களிலிருந்து, பெரும்பாலும் சமநிலங்களிலிருந்து வந்தன. பச்சையம் மிகுந்த இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியையோ பெரும்பகுதி திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை இவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே தாவரச் செழிப்புக் குறியீடு. 1972இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்களைக் கொண்டு டெக்சஸ் ஆய்வாளர்கள் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். ஜப்பானில், இலையைக் கவ்விப் பிடித்து அதன் பச்சையத்தைக் காட்டும் மினோல்ட்டா நிறுவனத்தின் ஸ்பாட் கருவி வந்தது. ஒரு கருவிக்கு ஆகும் செலவை உழவர் தாங்கமாட்டார் என்பதால், நெல்லுக்கு இலை வண்ண அட்டை உருவானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துவரும் அந்த அட்டையின் பச்சைப் பட்டைகளோடு இலையை ஒப்பிட்டு, குறித்த பட்டைக்குக் கீழே நிறம் இறங்கினால் யூரியா இடவேண்டும் என்பதே முறை. கங்காணியின் கண்ணுக்கு ஓர் அளவுகோல் கொடுத்தால் என்ன ஆகுமோ அதையே அந்த அட்டை செய்தது எனலாம்.

1990களில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரான், ஸ்டோன், சோலி ஆகியோர், தன் ஒளியைத் தானே பாய்ச்சித் திரும்பிவருவதை அளக்கும் உணரியை உருவாக்கினர். பின்னாளில் கிரீன்சீக்கர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அக்கருவி, ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடைவெளியிலேயே பயிரின் தேவை மாறுகிறது என்ற அவர்களின் கண்டறிவின்மேல் எழுந்தது. வயலில் ஒரு பட்டையில் மட்டும் தேவைக்கு மிஞ்சிய தழைச்சத்து இட்டு, அதன் அளவீட்டோடு மற்றப் பகுதிகளை ஒப்பிட்டு, எங்கே உரம் இட்டால் பயிர் பதில் சொல்லும் என்று கணித்து, டிராக்டர் ஓடும்போதே அளவைக் கூட்டிக் குறைப்பது அவர்கள் வகுத்த வழி. ஜெர்மனியில் டிராக்டரின் கூரைமேல் பொருத்தும் என்-சென்சார் 1999இல் சந்தைக்கு வந்தது.

இவற்றை அப்படியே பெர்த்தாம் சரிவுக்கு ஏற்றுவது இயலாது. சரிவின் செங்குத்து மட்டும் அதற்குக் காரணமன்று. கோதுமை வயலில் மண்ணும் இலையும் கலந்து தெரிவதால் குறியீடு பயிரோடு சேர்ந்து ஏறியிறங்கும். நன்கு வளர்ந்த தேயிலையோ மண் தெரியாமல் மூடிக்கிடக்கும் பச்சைப் பரப்பு. அதன்மேல் செழிப்புக் குறியீடு உச்சத்தை எட்டி நின்றுவிடுவதால், போதிய சத்துள்ள செடிக்கும் மிகைச் சத்துள்ள செடிக்கும் வேறுபாடு காட்டாது. சிவப்பும் அகச்சிவப்பும் சந்திக்கும் விளிம்பலைகளை, அதாவது ஏறக்குறைய 700 முதல் 740 நானோமீட்டர் வரையிலான ஒளியை, அளக்கும் கருவிகள் இக்குறையை ஓரளவு தீர்க்கின்றன. அடுத்த சிக்கல் காலம். கொழுந்து பறித்த மறுநாள் உணரி பார்ப்பது முதிர்ந்த இலைகளை; இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பது இளம்பச்சைத் துளிரை. துளிரின் வெளிர்மை பசியன்று என்பது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், கருவிக்குத் தெரியாது. எனவே பறித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் கவ்வாத்து செய்து எத்தனையாம் ஆண்டு என்பதையும் அளவீட்டோடு சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். மக்னீசியக் குறைவு, நீர் வடியாத மண், கொப்புள நோய் ஆகியவையும் இலையின் நிறத்தை மாற்றும். தழைச்சத்தைக் கொட்டி இவற்றில் எதையும் தீர்க்க முடியாது. காலையும் மாலையும் மூடுபனி இறங்கும் மலையில், வெயிலை நம்பிப் படமெடுக்கும் ட்ரோன் கேமராவைவிடத் தன் ஒளியைத் தானே கொண்டுவரும் உணரிக்கு மதிப்புக் கூடுவதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

மலையின் உழைப்பு மாறியது இந்த ஒளி அளவீட்டுக்கு எதிர்பாராத ஒரு துணையாகியுள்ளது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கான உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறைகள் தோட்டத்தை விட்டு நகரம் சேர்ந்தன. அவர்கள் இடத்துக்கு வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து தொழிலாளர் வந்தனர். ஆள் பற்றாக்குறையால் கைப்பறிப்பு கத்தரிக்கும், கத்தரி இருவர் தூக்கிச்செல்லும் அறுவடை இயந்திரத்துக்கும் இடம் விட்டது. இயந்திரம் வெட்டிய செடிவரிசை சீரான மட்டத்தில் நிற்பதால் ஒளி அளவீட்டுக்கு ஏற்ற பரப்பாகிறது. வரிசைவாரியாக எடையையும் குறித்துக்கொண்டால் நிறமும் விளைச்சலும் ஒரே ஏட்டில் சேரும்.

அளந்து இடவேண்டிய நெருக்கடியை ஜப்பான் முன்பே சந்தித்தது. பச்சைத் தேயிலையின் சுவைக்காக ஹெக்டேருக்கு 1000 கிலோவையும் தாண்டித் தழைச்சத்து கொட்டப்பட்ட ஷிசுவோகா பகுதியில் நிலத்தடி நீரிலும் குளங்களிலும் நைட்ரேட் ஏறியதால், அளவைப் பாதியாகக் குறைக்கும் வழிகாட்டுதல்கள் வந்தன. பெர்த்தாம் வடிநிலத்தில் காய்கறித் தோட்டங்களும் கட்டுமானங்களும் ஆற்றில் சேர்க்கும் மண்ணோடு ஒப்பிட்டால் தேயிலையின் பங்கு சிறிதே. வேரும் இலையும் சரிவைக் கட்டிப்பிடித்திருப்பதால் தேயிலை மண்ணைக் காப்பதாகவே கொள்ளவேண்டும். ஆயினும் வண்டல் நிறைந்து ஆகாயத்தாமரை படர்ந்துவந்துள்ள ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்கு மேலே எந்த உரமும் கணக்கில் வராத உரமன்று.

இச்சரிவில் அளவை மாற்றி இடுவதென்பது, டிராக்டர் ஓடும்போதே மாறும் அளவாக இருக்க இயலாது. உணரி தந்த வரைபடத்தை மலைக்குள் மூன்று நான்கு துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு இத்தனை சாக்கு என்று எழுதிக் கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்தது. ஒப்பீட்டுக்கான மிகையுரப் பட்டையையும் மழைநீர் வழிந்து அடுத்த செடிகளைக் கெடுக்காதபடி சம உயரக் கோட்டில் அமைக்கவேண்டும். பல்லாண்டுப் பயிரான தேயிலை தண்டிலும் வேரிலும் தழைச்சத்தைச் சேமித்து வைத்துக்கொள்வதால், கோதுமைக்கு ஒரு பருவத்தில் முடியும் ஒப்பீட்டை இங்கே ஒரு கவ்வாத்திலிருந்து அடுத்த கவ்வாத்து வரை தொடர வேண்டியிருக்கும்.