ஆசியாவில் இணைய நெறிமுறைத் தொலைக்காட்சி

இணைய நெறிமுறைத் தொலைக்காட்சி அல்லது ஐபிடிவி என்பது தொலைக்காட்சி அலைவரிசைகளை வானலை, கேபிள், செயற்கைக்கோள் ஆகியவற்றின் வழியாக அன்றி, ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அகலப்பட்டை இணைப்பின் வழியாக வீடுகளுக்கு வழங்கும் முறையாகும். ஆசியாவில் இது 2003 ஆம் ஆண்டு முதல் வணிக அடிப்படையில் பரவத் தொடங்கியது. 2023 ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவில் மட்டும் இதற்கு 40 கோடிச் சந்தாக்கள் இருந்தன. எனினும் இதன் வளர்ச்சி எல்லா நாடுகளிலும் ஒரே வேகத்தில் நடைபெறவில்லை. மிக வேகமான இணைய இணைப்புகளைக் கொண்டிருந்த தென் கொரியாவில் 2008 ஆம் ஆண்டின் இறுதி வரை இதன் வழியாக நேரடி ஒளிபரப்பைக் காண இயலவில்லை. பழைய செப்புக் கம்பிகளைக் கொண்டே ஹொங்கொங் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக இதனைத் தொடங்கிவிட்டது. தொழில்நுட்பத்தைக் காட்டிலும் உரிமச் சட்டங்களும், பதிப்புரிமையும், காற்பந்து ஒளிபரப்பு உரிமைகளுமே இவ்வேறுபாட்டிற்குக் காரணமாக இருந்தன.

செயற்படும் முறை

கேபிள் தொலைக்காட்சியில் எல்லா அலைவரிசைகளும் ஒரே நேரத்தில் வீட்டிற்கு வந்து சேர்கின்றன; அவற்றில் ஒன்றைத் தொலைக்காட்சிப் பெட்டி தெரிவு செய்கிறது. ஐபிடிவியில் பார்வையாளர் கேட்கும் அலைவரிசை மட்டுமே அவரது இணைப்பில் அனுப்பப்படுகிறது. அலைவரிசையை மாற்றும்போது செட்-டாப் பெட்டி வலையமைப்பிற்குப் புதிய வேண்டுகோளை அனுப்புகிறது. ஒரே அலைவரிசையைப் பலர் பார்த்தாலும் முதன்மைத் தடத்தில் அதன் ஒரு படியே செல்கிறது. வீடுகளுக்கு அருகிலுள்ள கருவிகளே அதனைப் பல படிகளாகப் பிரிக்கின்றன. இதனாலேயே நொடிக்குச் சில மெகாபிட்டுகளை மட்டும் தாங்கக்கூடிய தொலைபேசிக் கம்பியிலும் நூற்றுக்கணக்கான அலைவரிசைகளை வழங்க முடிந்தது.

யூடியூப், நெட்பிளிக்சு போன்ற சேவைகளும் இணைய நெறிமுறையையே பயன்படுத்துகின்றன. ஆனால் அவை பொது இணையத்தின் வழியாக வருபவை. ஐபிடிவியோ நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்குள், தரம் உறுதி செய்யப்பட்ட தனித்தடத்தில் வருகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது பரவலாகக் காணப்படும் பிழையாகும்.

ஹொங்கொங்

ஹொங்கொங் டெலிகொம் 1998 இல் ஐடிவி என்ற பெயரில், விரும்பிய நேரத்தில் திரைப்படங்களைப் பார்க்கும் சேவையைத் தொடங்கியது. பெரும் பொருட்செலவில் உருவான அச்சேவை 2002 இல் மூடப்பட்டது. இதற்கிடையே 2000 இல் அந்நிறுவனத்தை வாங்கியிருந்த பிசிசிடபிள்யூ நிறுவனம், 2003 செப்டம்பரில் நௌ என்ற பெயரில் மீண்டும் முயன்றது.

இம்முறை அணுகுமுறை வேறாக இருந்தது. அந்நிறுவனத்தின் அகலப்பட்டைச் சந்தாதாரர்களுக்கு இச்சேவை கூடுதல் வசதியாக அளிக்கப்பட்டது. அலைவரிசைகளைத் தொகுப்பாக வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேண்டியதை மட்டும் தனித்தனியே வாங்கலாம். கேட்கப்படாத அலைவரிசை வீட்டிற்கு வருவதே இல்லை என்பதால் திருட்டு இணைப்புகளுக்கான வாய்ப்பும் குறைவு. கேபிள் திருட்டால் இழப்புற்றிருந்த அலைவரிசை உரிமையாளர்களுக்கு இது ஏற்புடையதாயிற்று. நகரின் அமைப்பும் துணை நின்றது. உயர்ந்த அடுக்குமாடிகள் நெருங்கியிருந்ததால் தொலைபேசி நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடையிலான கம்பியின் நீளம் குறைவாக இருந்தது. நீளம் குறையக் குறைய வேகம் கூடும். 2000களின் இறுதியில் நௌ ஏறத்தாழ பத்து இலட்சம் இணைப்புகளைப் பெற்றிருந்தது.

இங்கிலாந்து பிரிமியர் லீக் காற்பந்து இப்போட்டியின் அளவுகோலாக விளங்கியது. 2007 முதல் மூன்று பருவங்களுக்கான உரிமையை நௌ, 1993 முதல் இயங்கிவந்த கேபிள் நிறுவனத்திடமிருந்து பறித்தது. 2010 இல் அது கேபிளுக்குத் திரும்பியது. 2013 இல் மீண்டும் நௌவுக்கு வந்தது. 2016 இல் சீனாவின் லீஸ்போர்ட்சு அதனை வென்றது. 2019 இல் மறுபடியும் நௌ. ஒவ்வொரு முறையும் இரசிகர்களே பெட்டியை மாற்ற வேண்டியிருந்தது. கேபிள் நிறுவனம் 2023 சூனில் தனது கட்டணத் தொலைக்காட்சிச் சேவையை முற்றாக நிறுத்திக்கொண்டது.

சிங்கப்பூரிலும் இதே நிலை உருவானது. சிங்டெல் நிறுவனம் 2007 இல் தொடங்கிய மியோ டிவி, 2010 முதலான பிரிமியர் லீக் உரிமையைப் போட்டியாளரான ஸ்டார்ஹப்பிடமிருந்து வென்றது. ஒரு வீட்டில் இரண்டு பெட்டிகள் வைத்திருக்க நேர்ந்ததால் எழுந்த அதிருப்தியை அடுத்து, ஒரு நிறுவனம் தனியுரிமையாகப் பெற்ற நிகழ்ச்சியை மற்றதன் பெட்டியிலும் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்ற விதியை அரசு 2010 இல் கொணர்ந்தது. ஹொங்கொங்கில் அவ்வாறான தீர்வு எட்டப்படவில்லை.

தென் கொரியா

தென் கொரியாவில் 2006 சூலையில் ஹனாரோ டெலிகொம் நிறுவனம் ஹனா டிவியைத் தொடங்கியது. இதில் நேரடி ஒளிபரப்பு இல்லை. ஒளிபரப்பாகி முடிந்த நிகழ்ச்சிகளைப் பின்னர் பார்க்கலாம், அவ்வளவே. நேரடியாக அளித்தால் அது "ஒளிபரப்பு" ஆகிவிடும். ஒளிபரப்புக்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உரிமம் இல்லை. இது தொலைத்தொடர்பின் விரிவாக்கம் என்று தகவல் தொடர்பு அமைச்சும், ஒளிபரப்பின் ஒரு வகை என்று ஒளிபரப்பு ஆணையமும் பல ஆண்டுகள் வாதிட்டன. கேபிள் நிறுவனங்கள் ஆணையத்தின் பக்கம் நின்றன.

2007 திசம்பரில் இணையப் பல்லூடக ஒளிபரப்புச் சட்டம் நிறைவேறியது. ஒரு நிறுவனம் எந்த ஒளிபரப்புப் பகுதியிலும் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட சந்தாதாரர்களைக் கொள்ளலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. வாதிட்டுவந்த இரு அமைப்புகளின் ஒளிபரப்பு, தொலைத்தொடர்புப் பணிகள் 2008 இல் கொரியத் தொடர்பு ஆணையம் என்ற ஒரே அமைப்பின் கீழ் வந்தன. அவ்வாண்டு நவம்பரில் கேடி நிறுவனம் நேரடி ஒளிபரப்பைத் தொடங்கியது. எஸ்கே, எல்ஜி நிறுவனங்கள் அடுத்த சில மாதங்களில் தொடர்ந்தன. தொலைபேசி, இணையம், தொலைக்காட்சி ஆகிய மூன்றும் ஒரே கட்டணத்தில் கிடைத்ததால் கேபிளால் ஈடுகொடுக்க இயலவில்லை. 2017 இன் இறுதிப் பகுதியில் ஐபிடிவி சந்தாக்கள் கேபிளை முந்தின. 2019 முதல் பெரிய கேபிள் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கைக்கு மாறின.

யப்பான், தாய்வான்

யப்பானில் தடை பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. ஒரு நிகழ்ச்சியைக் கேபிள் வழியாக உடனுக்குடன் மறு ஒளிபரப்புச் செய்வதற்கு அதில் பங்கேற்ற கலைஞர்கள், இசைத்தட்டு நிறுவனங்கள் ஆகியோரின் முன் அனுமதி தேவையில்லை. அதே நிகழ்ச்சி இணைய நெறிமுறையில் சென்றால், வலைத்தளத்தில் பதிவேற்றுவதற்கு ஒப்பாகக் கருதப்பட்டு, ஒவ்வொருவரிடமும் அனுமதி பெற வேண்டியிருந்தது. பார்வையாளருக்கு இரண்டிற்கும் வேறுபாடே தெரியாது என்பது குறிப்பிடத்தக்கது. 2006 ஆம் ஆண்டுத் திருத்தம், அனுமதிக்குப் பதிலாக ஊதியம் அளித்தால் போதும் என இதனைத் தளர்த்தியது. 2008 மார்ச்சில் என்டிடி குழுமத்தின் ஹிகாரி டிவி தொடங்கப்பட்டது.

தாய்வானில் சுங்வா டெலிகொம் 2004 இல் எம்ஓடி சேவையைத் தொடங்கியது. அரசும் அரசியற் கட்சிகளும் இராணுவமும் ஊடகங்களில் பங்கு கொள்ளலாகாது என்ற சட்டம் அங்குண்டு. அந்நிறுவனத்திலோ அரசின் பங்கு இருந்தது. ஆகவே தானே அலைவரிசைகளைத் தெரிந்து தொகுக்காமல், அனைவருக்கும் திறந்த மேடையாக மட்டுமே அது இயங்க வேண்டியதாயிற்று.

சீனா

சீனாவில் முதல் ஐபிடிவி உரிமம் 2005 இல் சாங்காய் ஊடகக் குழுமத்திற்கு வழங்கப்பட்டது. உரிமம் ஒளிபரப்புத் துறையிடம், கம்பியோ தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம். இரண்டும் வெவ்வேறு மேலிடங்களுக்குக் கட்டுப்பட்டவை. பூசியன் மாகாணத்தின் சுவான்சௌ நகரில் சைனா டெலிகொம் தொடங்கிய சேவையை, 2005 இன் இறுதியில் உள்ளூர் ஒளிபரப்பு அதிகாரிகள் தடை செய்தனர். உள்ளூர்க் கேபிள் வலையமைப்பும் அதே துறையைச் சார்ந்ததாக இருந்தது.

2010 சனவரியில் அரசவை எடுத்த முடிவின்படி தொலைத்தொடர்பு, ஒளிபரப்பு, இணையம் ஆகிய மூன்று வலையமைப்புகளும் ஒருங்கிணைக்கப்படலாயின. நிகழ்ச்சிகளைத் தொகுக்கும் கட்டுப்பாட்டு மேடை ஒளிபரப்பு நிறுவனங்களிடமே நிலைத்தது. கடத்துவது தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பணியாயிற்று. 2017 இன் இறுதியில் 12 கோடியைக் கடந்த சந்தாக்கள் 2020 இல் 31 கோடியைக் கடந்தன. ஆனால் பட்டியல்களும் விளம்பரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, கட்டணத்திற்குள் கட்டணம் மறைந்திருந்தமையால், முதியோர் ஒரு செய்தி அலைவரிசையைத் திறப்பதற்கே இடர்ப்பட்டனர். பெட்டியை இயக்கியதும் நேரடி ஒளிபரப்பு தோன்ற வேண்டும் என 2023 முதல் அரசு வலியுறுத்தத் தொடங்கியது.

இந்தியா, இலங்கை

இந்தியாவில் எம்டிஎன்எல் 2006 இலும் ஏர்டெல் 2009 இலும் இச்சேவையைத் தொடங்கியபோதும் அது பரவவில்லை. மலிவான கேபிள் இணைப்பும் புதிதாக வந்த டிடிஎச் சேவைகளும் ஒருபுறம், தரமற்ற செப்புக் கம்பிகள் மறுபுறம் எனச் சந்தை அதற்கு இடமளிக்கவில்லை. ஒளியிழை இணைப்புகள் பெருகிய பின்னர் பிஎஸ்என்எல் 2024 இல் ஐஎஃப்டிவி என்ற பெயரில் மத்தியப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் முதலில் தொடங்கியது. ஏர்டெல் 2025 மார்ச்சில் புதிதாகத் தொடங்கியது. இலங்கையில் சிறீலங்கா டெலிகொம்மின் பியோ டிவி 2008 முதல் தமிழ் அலைவரிசைகளையும் சேர்த்து வழங்கி வருகிறது.

பொது இணையச் சேவைகளுடனான போட்டி

நெட்பிளிக்சு 2015 இல் யப்பானிலும் 2016 சனவரியில் சீனா தவிர்ந்த பெரும்பாலான ஆசிய நாடுகளிலும் அறிமுகமானது. கொரியாவின் எல்ஜி யூபிளசு 2018 இல் அதனைத் தன் பெட்டியிலேயே இணைத்துக்கொண்டது. எஸ்கே புரோட்பேண்ட் நிறுவனமோ தன் வலையமைப்பைப் பயன்படுத்துவதற்குக் கட்டணம் கோரியது. 2020 இல் நெட்பிளிக்சு தொடுத்த வழக்கில் 2021 சூனில் சியோல் நீதிமன்றம் எஸ்கேவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேன்முறையீடு முடிவதற்கு முன்பே 2023 செப்டம்பரில் இரு நிறுவனங்களும் உடன்பாடு கண்டு வழக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.