தலையெழுத்தும் மூளையின் உறுதியும்

மண்டையோட்டின்மீது பிரமன் எழுதிவிட்டான், அதை அழிக்க எவராலும் இயலாது என்பது நம்மவரிடையே வேரூன்றிய நம்பிக்கை. முதுமையில் நினைவு மங்கி, பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்து நிற்கும் பெரியவரைக் கண்டு, “எல்லாம் தலையெழுத்து” என்பாரும் உளர். பேய் பிடித்ததென்று பூசாரியை அழைப்பாரும் உளர். மண்டைக்கு வெளியே எழுத்தைத் தேடியவர்கள் உள்ளேயிருக்கும் உறுப்பை எண்ணிப் பார்க்கவில்லை. அவ்வுறுப்பின் மென்மையையும் உறுதியையும் தலையைத் திறவாமலே அளக்கும் முறை பிறந்த வரலாறு, நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்தே வாங்குகிறோம். பலாப்பழத்தைத் தட்டியே அதன் பக்குவத்தை அறிகிறோம். இந்த எளிய அறிவை வைத்தியத்திற்குக் கொணர்ந்தவர் லியோபோல்டு ஆவன்புருக்கர். ஆஸ்திரிய நாட்டுக் கிராட்ஸ் நகரில் 1722ஆம் ஆண்டில் ஒரு விடுதிக்காரரின் மகனாய்ப் பிறந்தவர். பீப்பாயைத் தட்டி, அதில் மது எவ்வளவு உளதென்று தந்தை கண்டறிவதைப் பார்த்தே இம்முறையைக் கற்றார் என்பர். நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையால் உள்நோயை அறியலாமென்று 1761இல் வியன்னாவில் நூல் வெளியிட்டார். பெரும்பாலான வைத்தியர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1808இல் கோர்விசார் என்னும் பிரெஞ்சு வைத்தியர் அந்நூலை மொழிபெயர்த்த பின்னரே உலகம் விழித்தது. மறு ஆண்டில் ஆவன்புருக்கர் மறைந்தார்.

அதே வியன்னாவில் ஃபிரான்ஸ் யோசெப் கால் என்பவர், மண்டையின் மேடுபள்ளங்களைத் தடவியே ஒருவரது குணத்தைச் சொல்லலாமென்று போதித்தார். ஐரோப்பாவில் பலர் அதை நம்பினர்; பின்னர் அது பொய்யென்று தள்ளப்பட்டது. மேனாட்டாருக்கும் ஒரு தலையெழுத்து இருந்தது! மெய் ஒதுங்கிக் கிடக்க, பொய் ஊர்வலம் வருவது எந்நாட்டுக்கும் பொதுவே.

கல்லீரல் இறுகியிருப்பதையும் மார்பில் கட்டி இருப்பதையும் வைத்தியரின் கைவிரல் உணரும். மூளைக்கோ எலும்புக் கோட்டை தடையாய் நின்றது. 1895இல் ரான்ட்கன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியது. மெல்லிய மூளையைத் தெளிவாய்க் காட்டவில்லை. 1973இல் பால் லாட்டர்பர், காந்தத்தைக் கொண்டு உட்பொருளைப் படமாக்கும் வழியை வெளியிட்டார். அக்கட்டுரையை ஏற்க முதலில் மறுத்த பத்திரிகையே பின்னர் அதைப் பிரசுரித்தது. அவருக்கும் இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. எம்.ஆர்.ஐ. என்று மக்கள் வழங்கும் படமுறை இதுவே.

ஆயினும் படம் உருவத்தைக் காட்டுமேயன்றி உறுதியைக் காட்டாது. இக்குறையை நீக்கும் வழி 1995இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்திலிருந்து வந்தது. அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் முதற்பெயர் முத்துப்பிள்ளை. அக்குழுவில் ரிச்சர்டு ஈமன் என்பவரும் இருந்தார்.

உறைந்த அகர்-அகரைத் தட்டோடு அசைத்தால், ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓர் அசைவு ஓடக் காணலாம். அலை முன்னே செல்ல, பொருள் பக்கவாட்டில் அசையும். இதைச் சறுக்கலை எனலாம். உறுதியான பொருளில் அது விரைந்து செல்லும். அலைக்கும் அலைக்கும் இடைவெளி நீளும். மெல்லிய பொருளில் தளர்ந்து செல்லும், இடைவெளி குறுகும். தலைக்கடியில் வைத்த மெத்தை போன்ற கருவி வினாடிக்கு ஏறத்தாழ 50 அல்லது 60 முறை மெல்ல அதிர, மூளைக்குள் இவ்வலை பரவும். எம்.ஆர்.ஐ. யந்திரம் அதைப் படம் பிடிக்கும். கணிப்பொறி உறுதியைக் கணக்கிடும். ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய அசைவையும் அளக்கலாமென்று 1995இலேயே காட்டினர்.

வயது ஏற ஏற மூளை மென்மையடைகிறதென்று பெர்லின் ஆராய்ச்சியாளர் 2009இல் தெரிவித்தனர். நினைவை அழிக்கும் அல்சைமர் நோயில் மூளையின் உறுதி குறைகிறதென்று மேயோ குழுவினர் 2011இல் எழுதினர். மூளைக்கட்டி இறுகியதா, இளகியதா என்று அறுவைக்கு முன்பே அறியவும் இம்முறையைச் சோதித்துள்ளனர். கல்லீரலுக்கு இது வைத்தியசாலைகளில் நிலைபெற்றுவிட்டது; மூளைக்கோ பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையிலேயே உளது. மேலும் இஃது அளவுகோலே; மருந்து அன்று.

அளவுகோல்தானே என்று இகழற்க. அளக்கத் தக்கது விதியன்று, நோய். நோயென்று கண்டபின், மறதியுற்ற முதியவரைப் பழிப்பதற்கும் உடுக்கையடித்துத் துன்புறுத்துவதற்கும் நியாயம் ஏது? வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும், பரிவோடு பேணுவதுமே நம் கடன். பிரமன் எழுதினான் என்று கைகட்டி நின்ற நூற்றாண்டுகள் ஒரு நோயாளியையும் காத்ததில்லை. பீப்பாயைத் தட்டிய விரலோ, தலைமுறை தலைமுறையாய் நீண்டு, இன்று மண்டையோட்டையும் கடந்து உள்ளே தொடுகின்றது.