தந்தைமையும் விசுவாசமும்: விவிலியத்திலும் முத்துக்குளித்துறையிலும்

விவிலியத்தில் குறையில்லாத தகப்பனைக் காண்பது அரிது. விசுவாசத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஆபிரகாம், ஆகாரையும் அவள் வயிற்றில் பிறந்த தம் மகன் இஸ்மயேலையும் அப்பமும் ஒரு தோற்பைத் தண்ணீரும் கொடுத்து வீட்டைவிட்டு அனுப்பினார். யாக்கோபு யோசேப்பின்மேல் மட்டும் பாசத்தைக் கொட்டி, மற்றப் பிள்ளைகள் மனத்தில் பகையை வளர்த்தார். குரு ஏலி தம் மக்களின் அக்கிரமத்தைக் கண்டித்தாரே தவிரத் தடுக்கவில்லை. தாவீதும் அப்படித்தான்: மகன் அம்னோன் மகள் தாமாரைக் கெடுத்தபோது கோபப்பட்டதோடு நின்றுவிட்டார், இன்னொரு மகன் அப்சலோமின் கலகம் அங்கிருந்து கிளம்பியது. மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், மகனைக் குணமாக்க இயேசுவிடம் வரும் தகப்பனோ தம் நம்பிக்கை போதாது என்பதை ஒப்புக்கொண்டு அதற்கே உதவி கேட்கிறார். அவர் மகன் குணமாகிறான்.

தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறையில் கிறிஸ்தவம் தகப்பன்மார் எடுத்த முடிவாகவே வந்தது. முத்துக்குளிக்கும் உரிமை பற்றிய பூசலில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர், 1535–37 ஆண்டுகளில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் சம்மதித்தால் ஊரே சம்மதித்த மாதிரி. பெர்னாண்டோ, கோமஸ் முதலான பெயர்கள் ஞானத்தகப்பன்மாரான போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவை என்பது மரபு. ஆனால் செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. 1542 அக்டோபரில் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் இம்மக்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினார்.

அவர் நம்பியது பிள்ளைகளை. தமிழில் பெயர்த்த செபங்களோடு கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, நாளுக்கு இரண்டு வேளை சிறுவர்களையும் ஆண்களையும் கூட்டினார். கற்றதை அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி சிறுவர்களை அனுப்பினார். நோயாளி வீடுகளுக்குச் சென்று செபித்தவர்களும் அவர்களே. பெற்றோர் பழைய தெய்வங்களை வணங்கினால் பிள்ளைகள் கண்டித்து, தம்மிடம் வந்து சொல்வார்கள் என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். தகப்பனைப் பற்றி மகனே போய்ச் சொல்லும் நிலை அந்த வீடுகளில் என்ன காயத்தை உண்டாக்கியிருக்கும் என்பதை அக்கடிதம் பேசவில்லை. அக்காயத்தையும் சேர்த்தே இக்கடற்கரையின் விசுவாச வரலாற்றை எழுத வேண்டும். அதே சிறுவர்கள்தான் செபத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள் என்பதும் மறுக்க முடியாதது.

அச்சு நூல்கள் பிறகு வந்தன. 1547 முதல் இக்கடற்கரையில் உழைத்த அண்டிரிக் அடிகளார், 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’த்தையும் 1586இல் ‘அடியார் வரலாறு’ நூலையும் அச்சேற்றினார்.

தந்தைமையைத் தமிழில் காப்பியப் பொருளாக்கியவர் வீரமாமுனிவர். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் பணிசெய்த அவர், 3615 பாடல்கள் கொண்ட ‘தேம்பாவணி’யை 1726இல் முடித்தார். பாட்டுடைத் தலைவர் சூசையப்பர். காப்பியத்தில் அவர் பெயர் வளன். அவர் இயேசுவைப் பெற்ற தகப்பனல்லர், வளர்த்த தகப்பன். மத்தேயு நற்செய்தியின்படி கருவுற்ற மரியாவை மறைவாக விலக்கிவிட நினைத்தவர். லூக்கா நற்செய்தியின்படி பன்னிரண்டு வயதுச் சிறுவனை எருசலேமில் தவறவிட்டு, மூன்றாம் நாள் கோவிலில் கண்டெடுத்தவர். முனிவர் தம் தலைவனின் கலக்கத்தை இரண்டொரு பாட்டில் ஒதுக்கிவிடவில்லை. ஐயம் தோன்றுவதற்கு ஒரு படலம், அது நீங்குவதற்கு ஒரு படலம் என இடம் கொடுத்துப் பாடியிருக்கிறார்.